நவம்பர் 1-க்கு முன் பிள்ளையிடம் கணக்கைச் சொல்லுங்கள்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். நியூ ஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தொண்டாசிரியராக இருக்கும் நான், ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டுரைகளை வாசித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். கட்டுரையைப் பற்றிப் பேச வரும் பிள்ளைகள் எழுந்து போவதற்குள் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறார்கள்: எர்லிக்கு எங்கே போடுவது? அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் பிள்ளையும் நீங்களும்தான். ஆனால் நம் வீடுகள் பலவற்றில் அந்த விடை, வீட்டின் பணநிலை பிள்ளைக்குத் தெரியாமலே முடிவாகிறது. இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

புதிதாக இந்தப் பாதைக்கு வருபவர்களுக்காக நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டி மிகுந்த அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் விண்ணப்பத்துக்கு இரண்டு பருவங்கள் உண்டு. ஜனவரித் தொடக்கத்தில் விண்ணப்பித்து மார்ச் இறுதிவாக்கில் முடிவு தெரிவது வழக்கமான பருவம். நவம்பர் 1 அல்லது 15-க்குள் விண்ணப்பித்து டிசம்பர் நடுவில் முடிவு தெரிவது முன்பருவம். முன்பருவத்திலும் வகைகள் உண்டு. எர்லி டெசிஷன், சுருக்கமாக இ.டி., என்பது ஒரே ஒரு கல்லூரிக்குப் போட்டு, இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன், மற்ற விண்ணப்பங்கள் அனைத்தையும் திரும்பப் பெறுவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பது. பிரவுன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மத், பென்சில்வேனியா, டியூக், நார்த்வெஸ்டர்ன் முதலியவை இந்த முறையில் மாணவர்களை எடுக்கின்றன. எர்லி ஆக்‌ஷன் முறையில் முடிவு சீக்கிரம் தெரியும், கட்டுப்பாடு கிடையாது, மே 1 வரை யோசிக்கலாம், எம்.ஐ.டி.யும் பல மாநிலப் பல்கலைக்கழகங்களும் இந்த வகை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகிய நான்கும் இடைப்பட்ட வழியில் போகின்றன: இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்பதில்லை, ஆனால் அதே பருவத்தில் வேறு தனியார் கல்லூரிக்கு முன்விண்ணப்பம் போடக்கூடாது.

இந்த வகைகளுள் நான் அஞ்சுவது இ.டி.யை மட்டுமே. பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில் அதற்கென்று தனி ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதில் மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் (மாணவருக்கு வழிகாட்டும் ஆலோசகர்) ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும். பெற்றோருக்கான இணைப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்; அலுவலகக் கூட்டம் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் கைப்பேசியிலேயே பெயரைத் தட்டி அனுப்பிவிடலாம். அவ்வளவு எளிதாக இருப்பதால்தான் பலர் அதை முழுவதும் படிப்பதே இல்லை. பொதுவாகக் கல்லூரிகள் இதை வைத்து யாரையும் நீதிமன்றத்துக்கு இழுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் விலகுவதால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இ.டி.யில் கிடைத்த இடத்தை ஒரு மாணவர் ஏற்காமல் விலகியதற்காக, டுலேன் பல்கலைக்கழகம் அவர் படித்த கொலராடோ மாநிலத் தனியார் பள்ளியிலிருந்து ஓராண்டுக்கு இ.டி. விண்ணப்பங்களையே ஏற்பதில்லை என்று அண்மையில் முடிவெடுத்தது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அந்தச் சுமையைச் சுமந்தார்கள். கவுன்சிலரின் கையெழுத்து எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

நம்மில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் படிக்கப் போனவர்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300-க்குக் கட்-ஆஃப் போட்டு, சென்ற ஆண்டின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்று ஏறக்குறைய சொல்லிவிட முடிந்தது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஏற்பு விகிதத்தைக் கட்-ஆஃப் போல வாசிக்கிறோம். இங்கே அது அப்படி வேலை செய்வதில்லை.

எடுத்துக்காட்டுக்கு, 2024 இலையுதிர் காலத்தில் சேர்ந்த வகுப்புக்குப் பிரவுன் பல்கலைக்கழகம் வெளியிட்ட எண்களைப் பாருங்கள். இ.டி.யில் 6,244 பேர் விண்ணப்பித்து 898 பேர் தேர்வானார்கள், இது 14.4 விழுக்காடு. இரண்டு பருவங்களையும் சேர்த்தால் 48,881 பேருள் 2,521 பேர், அதாவது 5.2 விழுக்காடு. இ.டி.யைக் கழித்துவிட்டால் வழக்கமான பருவத்தில் 3.8 விழுக்காடுதான் மிஞ்சுகிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த எண்கள் வரும்போது, இ.டி. போட்டால் வாய்ப்பு நான்கு மடங்கு என்ற ஒரே வரியாகத்தான் வருகின்றன. அந்த 898 பேருள் யார் யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இத்தகைய கல்லூரிகளின் இ.டி. கூட்டத்தில் விளையாட்டுப் பயிற்றுநர்கள் முன்பே தேர்ந்து வைத்த மாணவர்கள் கணிசமாக இருப்பார்கள். முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். எங்கே சேர்வது என்பதில் எந்தக் குழப்பமும் இல்லாமல் பதினோராம் வகுப்பிலேயே தயாராகிவிட்ட பிள்ளைகளும் இருப்பார்கள். இவர்களைக் கழித்த பிறகு, நீச்சல் அணியிலும் இல்லாத, தாத்தா அங்கே படித்திராத நம் வீட்டுப் பிள்ளைக்கு மிஞ்சும் சாதகம் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. சாதகம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சேருவது உறுதி என்று தெரிந்த மாணவரைக் கல்லூரி விரும்புவது இயல்பு. தன் வகுப்பில் பாதியை அப்படியே நிரப்பிக்கொண்டால், வசந்த காலத்தில் எத்தனை இருக்கைகள் காலியாக நிற்கும் என்ற கவலை அதற்குக் குறைகிறது. ஆனால் அந்தச் சாதகத்துக்குக் கல்லூரி கேட்கும் விலை ஒன்று இருக்கிறது: வேறு கல்லூரிகள் தரக்கூடிய உதவியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள்.

இங்கேதான் பணம் வருகிறது. நம் வீடுகளில் பேச்சு நின்றுபோவதும் இங்கேதான். "நீ படிப்பைப் பாரு, பணத்தை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லியே நாம் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். அன்பிலிருந்து வரும் சொல் அது. நம் பெற்றோரும் கடன் வாங்கிய கதையை நமக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டுதான் நம்மைப் படிக்க வைத்தார்கள். ஆனால் இன்று பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஓராண்டின் மொத்தச் செலவு 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு அது 3,60,000 டாலருக்கு மேல். நியூ ஜெர்சியில் வசிக்கும் பிள்ளை மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் விடுதியில் தங்கிப் படித்தால் ஆகும் செலவு இதில் பாதிகூட வராது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை, அந்த முடிவைத் தன் பெயரில் கையெழுத்திட்டு எடுக்கப்போகும் பதினேழு வயதுப் பிள்ளையிடம் மறைத்து வைப்பது அன்பாகாது என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு நாள் நகர நூலகத்தில் ஒரு மாணவி என் எதிரே உட்கார்ந்து, தான் இ.டி. போட நினைத்த கல்லூரியின் நெட் பிரைஸ் கால்குலேட்டரைத் திறந்தாள். உதவித்தொகை போக ஒரு குடும்பம் உண்மையில் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று உத்தேசமாகச் சொல்லும் பக்கம் அது. 2008-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டப்படி, கூட்டரசு உதவி பெறும் கல்லூரிகள் அனைத்தும் 2011 முதல் தங்கள் தளத்தில் அதை வைத்தாக வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் என்ற முதல் கட்டத்திலேயே அவள் நின்றுவிட்டாள். வீட்டின் இன்றைய மதிப்பு, அதில் மீதமுள்ள கடன், ஓய்வூதியக் கணக்கு நீங்கலான சேமிப்பு என்று அடுத்தடுத்து வந்த எந்தக் கட்டத்துக்கும் அவளிடம் எண் இல்லை. வெளியே போய் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தாள். "அதெல்லாம் உனக்கெதுக்கும்மா, நீ போடு" என்றாராம். அவளுடைய தம்பி அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தான்; அவனுடைய கல்லூரிச் செலவும் பின்னாலேயே வரும். அம்மாவிடமும் பேசும்படி சொல்லி அனுப்பினேன். மூவருமாக உட்கார்ந்து அந்தக் கட்டங்களை நிரப்பியபோது, உதவித்தொகை ஏறத்தாழ இல்லை என்றே கணக்கு காட்டியது. அவள் இ.டி.யை விட்டுவிட்டு நான்கு மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு எர்லி ஆக்‌ஷன் போட்டாள். அந்த முடிவு சரியா தவறா என்று நான் சொல்லப்போவதில்லை. தெரிந்து எடுத்தாள் என்பதே எனக்குப் போதும்.

கணினித் துறையில் இருவரும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான். உதவித்தொகை பெற முடியாத அளவுக்கு வருமானம் இருக்கும்; முழுக் கட்டணத்தையும் கட்டும் அளவுக்குச் சேமிப்பு இருக்காது. ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணமும், தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய கடனும் எந்தப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை. முன்பெல்லாம் ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் கூட்டரசு உதவிக்கான ஃபாஃப்சா கணக்கில் அதற்குத் தள்ளுபடி இருந்தது. 2024-25 கல்வியாண்டு முதல் அதுவும் நீக்கப்பட்டுவிட்டது. மறுபக்கம், பலர் அறியாமல் விட்டுவிடும் நல்ல செய்தியும் உண்டு. வழக்கமான சொத்துநிலையோடு ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரை உள்ள குடும்பங்களிடம் 2025-26 முதல் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் டியூஷன் என்னும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பெயரைக் கேட்டே மலைத்து ஒதுங்குபவர்களுக்கும், எப்படியும் சமாளிக்கலாம் என்று கண்ணை மூடிக் கையெழுத்திடுபவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றே: அந்தக் கட்டங்களைப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

உதவித்தொகை போதவில்லை என்றால் இ.டி.யிலிருந்து விலகலாமே என்று கேட்பீர்கள். விலகலாம், கல்லூரிகளே அதற்கு இடம் வைத்திருக்கின்றன. ஆனால் அந்தக் கதவு, உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, கிடைத்த தொகை போதவில்லை என்று காட்டக்கூடியவர்களுக்கானது. உங்களால் இவ்வளவு கட்ட முடியும் என்று கல்லூரி போட்ட கணக்கே நீங்கள் முன்பு பார்த்த மதிப்பீட்டோடு ஒத்துப்போனால், விலக நியாயம் சொல்வது கடினம். தகுதி அடிப்படையிலான உதவித்தொகையை நம்பியிருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: ஹார்வர்டு, யேல், பிரவுன் முதலியவை அடங்கிய ஐவி லீக்கின் எட்டுக் கல்லூரிகளும் அதைத் தருவதே இல்லை. அதைத் தரும் கல்லூரிகளுக்கும், ஏற்கெனவே வருவதாக வாக்குக் கொடுத்துவிட்ட மாணவருக்குக் கூடுதலாகத் தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஹெச்-1பி வேலை விசாவில் இருந்துகொண்டு கிரீன் கார்டு வரிசையில் பல்லாண்டுகளாகக் காத்திருக்கும் பெற்றோருக்குத் தனியாகச் சில சொற்கள். உங்கள் பிள்ளை ஐந்து வயதில் எடிசனுக்கோ ஃப்ரிஸ்கோவுக்கோ வந்து, கிண்டர்கார்டன் முதல் இங்கேயே படித்திருக்கலாம். ஆனால் உங்களைச் சார்ந்தவராக ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்குக் கூட்டரசு உதவி கிடையாது. தனியார் கல்லூரிகள் பலவும் உதவித்தொகையைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளையை வெளிநாட்டு மாணவராகவே எண்ணுகின்றன. இதன் விளைவு பணத்தோடு நிற்பதில்லை, சேர்க்கையையும் தொடுகிறது. கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா, ஸ்டான்ஃபோர்டு போன்றவை வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதையும் பார்த்தே முடிவெடுக்கின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், பௌடன், பிரவுன் ஆகியவை அதைப் பார்க்காமல் முடிவெடுப்பதோடு, தேவையை முழுமையாக ஈடுசெய்வதாகவும் அறிவித்திருக்கின்றன. எனவே ஹெச்-4 பிள்ளை எங்கே இ.டி. போடுவது என்ற கேள்விக்கு, குடியுரிமை உள்ள நண்பனின் பட்டியல் உதவாது. சேர்க்கையின்போது உதவி கேட்காமல் விட்டால் பிறகு நான்கு ஆண்டுகளும் கேட்க முடியாது என்ற விதி பல கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கு உண்டு. வாய்ப்பைக் கூட்டுவதற்காக உதவி வேண்டாம் என்று குறித்துவிட்டு, சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் பெற்றோர் இந்த விதியைத் தேடிப் படிக்க வேண்டும். பிள்ளைக்கு 21 வயது நிரம்பும்போது ஹெச்-4 தகுதி போய்விடும். பெரும்பாலும் அது மூன்றாம் ஆண்டில் வரும். அப்போது எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்பவரானால், உள்மாநிலக் கட்டணம் தொடருமா என்பதை அந்தப் பல்கலைக்கழகத்திடமே முன்கூட்டி எழுதிக் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்தி வையுங்கள். இதையெல்லாம் பிள்ளையிடம் சொன்னால் மனம் ஒடிந்துபோகும் என்று அஞ்சுகிறீர்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் இதைப் பாதி அறிந்தும் பாதி அறியாமலும் தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பணக் கணக்கு தெளிந்துவிட்டால் மீதியை முடிவுசெய்வது அவ்வளவு கடினமில்லை. பிள்ளையிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "எல்லா இடத்திலும் கிடைத்தால்கூட இங்கேதான் போவாயா?" உடனே ஆம் என்று சொல்லி, அந்தக் கல்லூரியின் எந்தத் துறை, எந்தப் பாடமுறை, எந்த ஊர் என்று காரணமும் சொல்ல முடிந்தால் இ.டி. போடுவது நியாயமானது, அப்படிப்பட்ட பிள்ளையை நான் தடுப்பதில்லை. தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுங்கள். கட்டுப்பாடில்லாத வழிகள் நிறையவே இருக்கின்றன. ஹார்வர்டுக்கோ பிரின்ஸ்டனுக்கோ முன்பருவத்தில் போடும் பிள்ளைகூட, மாநிலப் பல்கலைக்கழகங்களின் எர்லி ஆக்‌ஷனுக்குத் தாராளமாகப் போடலாம். இல்லினாய், பர்டூ, மேரிலாந்து, ரட்கர்ஸ் எல்லாம் அந்தச் சலுகைக்குள் வருபவை. மேரிலாந்து போன்ற இடங்களில் பெரும்பாலான இருக்கைகள் அந்தப் பருவத்திலேயே நிரம்பிவிடுவதால், அங்கே நவம்பர் 1-ஐத் தவறவிடுவது பெரிய இழப்பு. கணினி அறிவியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு, அந்தத் துறைக்கு நேரடியாக இடம் கொடுக்கும் இல்லினாய் போன்ற பல்கலைக்கழகமும், சேர்ந்த பிறகு துறையைத் தேர்ந்துகொள்ள விடும் பிரவுன் போன்ற கல்லூரியும் முற்றிலும் வேறானவை. தரவரிசையில் எது மேலே நிற்கிறது என்பதைவிட இந்த வேறுபாட்டைப் பேசுங்கள்.

முன்பருவ முடிவு டிசம்பர் நடுவில் வரும்போது, ஏற்பு, மறுப்பு இரண்டையும் தவிர டெஃபர் என்ற மூன்றாவது விடையும் உண்டு. விண்ணப்பத்தை வழக்கமான பருவத்துக்குத் தள்ளிவைப்பது அது. அதே 2024 வகுப்புக்கு ஹார்வர்டு முன்பருவத்தில் 7,921 பேருள் 692 பேரை எடுத்துவிட்டு, எஞ்சியவர்களில் மிகப் பெரும்பாலோரை இப்படித் தள்ளிவைத்தது. ஆகவே டெஃபர் வந்தால் பாதி கிணறு தாண்டிவிட்டதாகக் கொண்டாடவும் வேண்டாம், பிள்ளை தோற்றுவிட்டதாக வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த நாளுக்கும் ஜனவரிக் கெடுவுக்கும் இடையில் இரண்டு வாரங்கள்தான் இருக்கும். மற்றக் கல்லூரிகளுக்கான கட்டுரைகளை டிசம்பருக்கு முன்பே எழுதி வைக்காத பிள்ளை, மனம் உடைந்த நிலையில் அந்த இரண்டு வாரங்களில் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில்தான், ஜனவரியில் போட்டுப் பிப்ரவரியில் முடிவு தெரியும் இரண்டாம் சுற்று இ.டி.க்குள் பலர் யோசிக்காமல் விழுகிறார்கள். முதல் சுற்றுக்குச் சொன்ன கணக்கு இரண்டாம் சுற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

இந்த முறையே நியாயமற்றது என்று வாதிடுபவர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் வலுவான காரணங்களும் இருக்கின்றன. முன்சேர்க்கை வசதியுள்ள குடும்பங்களுக்கே சாதகமாகிறது என்று சொல்லி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் அதைக் கைவிடுவதாக 2006-இல் அறிவித்தன. போட்டியாளர்கள் பின்பற்றாததால் 2011-இல் திரும்பக் கொண்டுவந்தன. 2025 ஆகஸ்டில் 32 கல்லூரிகள் மீது, இ.டி. முறை போட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்று கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அதெல்லாம் எப்படி முடிந்தாலும், இந்த ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் விதிகளின்படிதான் முடிவெடுக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது தொழில்முறைச் சங்கத்தின் பரிந்துரை. நாட்டுச் சராசரி அதைவிட நூறுக்கும் மேல் அதிகம். அவரால் உங்கள் வீட்டுக் கணக்கைக் கேட்டறிந்து வழிகாட்ட முடியாது. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் தனியார் ஆலோசகர்களிலும் எல்லோரும் அதைக் கேட்பதில்லை. கேட்கக்கூடியவர் நீங்கள் ஒருவரே.

நம் குழுக்களை நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. யார் பிள்ளை எங்கே எர்லி போட்டது என்பதைக் கோயிலிலும் பிறந்தநாள் விழாவிலும் துருவிக் கேட்பதை இந்தப் பருவத்திலாவது நிறுத்துவோம். ஒரே பள்ளியில் படிக்கும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஒரே கல்லூரிக்கு இ.டி. போட்டுவிடக்கூடாதே என்று குடும்பங்கள் ஒன்றுக்கொன்று பொய் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கு இத்தனை பேர் என்ற ஒதுக்கீடு எதையும் கல்லூரிகள் அறிவிப்பதில்லை. அந்த அச்சத்தில் கெடுவது பிள்ளைகளின் நட்பு மட்டுமே. அதற்கு மாறாக, நெட் பிரைஸ் கால்குலேட்டரை எப்படி நிரப்புவது, தனியார் கல்லூரிகள் பல உதவித்தொகைக்காகக் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தில் வீட்டு மதிப்பை எப்படிக் காட்டுவது, ஹெச்-4 பிள்ளைக்கு எந்தக் கல்லூரி எப்படிப் பதில் சொன்னது என்பவற்றைப் பகிர்ந்தால் அடுத்த ஆண்டு வருபவர்களுக்கும் பயன்படும்.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது, மறுநாள் கெடு. பலகாரத் தட்டுக்கு நடுவே மடிக்கணினியை வைத்துக்கொண்டு கடைசி மணிநேரத்தில் இ.டி.யா, வேண்டாமா என்று வாக்குவாதம் செய்த வீடுகள் எனக்குத் தெரியும். இந்தப் பேச்சுக்கு ஏற்ற காலம் ஆகஸ்ட் மாதம், தவறினால் செப்டம்பர். சென்ற ஆண்டின் வரிப் படிவம், வங்கிச் சேமிப்பு, 529 என்னும் கல்விச் சேமிப்புக் கணக்கின் இருப்பு, வீட்டுக் கடனின் மீதி, ஊருக்கு ஆண்டுதோறும் அனுப்பும் தொகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, பிள்ளையின் முன் வையுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு எங்களால் இவ்வளவு முடியும், இதற்கு மேல் போனால் கடன், அந்தக் கடன் இன்னார் பெயரில் இருக்கும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதன் பிறகு பிள்ளை தேர்ந்தெடுக்கும் கல்லூரிக்கு நீங்கள் மனமாரக் கையெழுத்திடலாம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க உதவி தேவைப்படும் எந்தக் குடும்பமும் எங்கள் தமிழ்ப்பள்ளிக்குச் சனிக்கிழமை காலையில் வரலாம். பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளித் தொண்டாசிரியர் ஒருவர்,
நியூ ஜெர்சி